என்று, அனி, தட்: திருத்தணி எல்லையில் கூற்று வாக்கியங்களின் அமைப்பு

1. களம்

திருத்தணி யாருக்கு என்ற வழக்கு தீர ஆறரை ஆண்டுகள் ஆயின. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்த ஊரும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எச்.வி.பட்டாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் என்று படிப்படியாக நகர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. கோடு கிழிப்பதற்குக் கிராமத்தை அலகாகக் கொண்டு, எங்கே எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று கணக்குப் பார்த்தார்கள். தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசுகிறவர்களும் ஏதோ ஒரு பக்கம் எண்ணப்பட்டார்கள்.

இந்தக் கட்டுரையின் பொருள் அந்த வழக்கு அன்று. அந்தக் கணக்கெடுப்புக்குள் அடங்காத ஒன்று. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது இவ்வூர்த் தமிழரும் தெலுங்கரும் வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறார்கள், அதே வேலையை ஆங்கிலம் எப்படிச் செய்கிறது, அந்த வாக்கியத்துக்குள் வினையடைகள் எங்கே உட்காருகின்றன என்பதே ஆய்வு. எடுத்துக்கொள்ளும் மொழிகள் மூன்று. இரண்டு இங்கே தெருவில் கேட்பவை. மூன்றாவது பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் இருப்பது.

முதலில் ஒரு வாக்கியம். ‘நாளைக்கு வரேன்னு சொன்னான்’ என்பது தமிழ். ‘ரேப்பு வஸ்தானனி செப்பாடு’ என்பது தெலுங்கு. நாளைக்கு, ரேப்பு, வரேன், வஸ்தானு, ன்னு, அனி, சொன்னான், செப்பாடு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஓரம் பிசகாமல் பொருந்தும். தமிழின் ‘என்று’ என்பது ‘என்’ என்னும் வினையின் எச்சம். தெலுங்கின் ‘அனி’ என்பது ‘அனு’ என்னும் வினையின் எச்சம். இரண்டுக்கும் ‘சொல்லி’ என்பதே அடிப்பொருள். இரண்டிலும் சொல்லப்பட்ட செய்தி முன்னே வருகிறது, சொன்னவன் கணக்கு பின்னே வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹீ செட் தட்’ முதலில், செய்தி பிறகு. எல்லைக் கோட்டின் இரு பக்கத்திலும் வாக்கியம் ஒரே திசையில்தான் ஓடுகிறது.

2. திறக்கும் குறியும் மூடும் குறியும்

வரிசை வேறு என்பதோடு இலக்கண நூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. வினை முன்னே வரும் மொழி, பின்னே வரும் மொழி என்று பிரித்துவிட்டால் பாடம் முடிந்துவிடுகிறது. என் வாதம் அதற்கு ஒரு படி மேலே போகிறது. ‘தட்’ ஒரு திறக்கும் அடைப்புக்குறி. ‘என்று’, ‘அனி’ இரண்டும் மூடும் அடைப்புக்குறிகள். ஆங்கிலம் கூற்று எங்கே தொடங்குகிறது என்று காட்டும். எங்கே முடிகிறது என்று காட்டாது. தமிழும் தெலுங்கும் எங்கே முடிகிறது என்று காட்டும். எங்கே தொடங்கியது என்று காட்டா. எந்தப் பக்கம் குறி இல்லையோ அந்தப் பக்கத்தில்தான் வினையடைகள் வழிதவறும்.

திருத்தணியைச் சுற்றி பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்கள் உண்டு. தறிப் பட்டறையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘திங்கட்கிழமை பட்டறை மூடியிருக்கும்னு முதலாளி சொன்னார்.’ திங்கட்கிழமை மூடியிருக்குமா, திங்கட்கிழமை அன்று சொன்னாரா? எழுத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. நாள் குறிக்கும் சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. அங்கே கூற்று திறக்கும் இடத்தைக் காட்ட எதுவும் இல்லை. அதே சொல்லை ‘என்று’க்குப் பின்னே நகர்த்தினால், ‘பட்டறை மூடியிருக்கும்னு திங்கட்கிழமை சொன்னார்’ என்றால், சிக்கல் தீர்ந்துவிடும். மூடும் குறிக்கு வெளியே போன சொல் கூற்றுக்குள் திரும்ப வர முடியாது.

ஆங்கிலத்தில் இதே சிக்கல் எதிர்ப்பக்கம் கிளம்புகிறது. முதலாளி சொன்னார், ‘தட்’, பட்டறை மூடியிருக்கும், ‘ஆன் மண்டே’ என்று முடிந்தால், அந்தத் திங்கட்கிழமை சொன்ன நாளா மூடும் நாளா என்று கேட்கலாம். நாளைக் ‘கூற்று வினை’க்கும் ‘தட்’டுக்கும் நடுவில் வைத்தால் குழப்பம் இல்லை: ‘செட் ஆன் மண்டே தட்’. ஆனால் ஆங்கிலத்தில் ‘தட்’டை விட்டுவிட்டும் எழுதலாம். ‘செட் ஆன் மண்டே த ஷெட் வுட் பி க்ளோஸ்டு’ என்று எழுதினால் நாள் நடுத்தெருவில் நிற்கும்; இரண்டு பக்கமும் அதை இழுக்கலாம். அதனால்தான் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு, சொல்லும் வினைக்கும் கூற்றுக்கும் இடையில் காலச்சொல் வந்தால் ‘தட்’டை விடாதே என்று செய்தியாளருக்கு விதி வைத்திருக்கிறது. ‘தட்’ எப்போது வேண்டும், எப்போது விடலாம் என்று மாணவர் கேட்டால் ஆசிரியர்கள் காதுக்குப் பிடித்ததைச் சொல் என்பார்கள். காதுக்கு இதில் வேலை கொஞ்சம்தான். வினையடை நடுவில் வந்து, கூற்றின் வாசல் மறைந்துபோனால் ‘தட்’ வேண்டும். அவ்வளவே.

பேச்சுத் தமிழ் தன் குறையைத் தானே சரி செய்துகொள்ளும் வழி ஒன்று உண்டு. நீண்ட கூற்று வரப்போகிறது என்றால் யாரும் மூடும் குறிக்காகக் காத்திருப்பதில்லை. ‘அவர் என்ன சொன்னார்னா...’ என்று ஆரம்பிக்கிறோம். தெலுங்கர் ‘ஏமன்னாடண்டே...’ என்று ஆரம்பிக்கிறார். ‘என்றால்’, ‘அண்டே’ இரண்டும் அதே ‘சொல்’ என்னும் வினைகளின் நிபந்தனை வடிவம். கேள்வியாக முன்வைத்து, நிபந்தனையாக மடக்கி, கூற்றுக்கு வாசல் திறந்துவிடுகிறது இந்தத் தொடர். இது ‘தட்’டின் வேலையைச் செய்கிறது, ஆனால் ‘தட்’டைப் பார்த்துச் செய்ததன்று, ஆங்கிலம் தெரியாத பாட்டிகளின் பேச்சிலும் இது உண்டு. எழுத்து நடைக்காரர்கள் இதைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வரிக்கு நீளும் கூற்றை ‘என்று’ வரும்வரை கையில் பிடித்துக்கொண்டு நில் என்று வாசகனை வாட்டுவதைவிட ‘அவர் சொன்னது என்னவென்றால்’ என்று தொடங்குவது மேல்.

2.1 செப்பேட்டில் மேற்கோள்

மூடும் குறி மட்டுமே கொண்ட எழுத்து எப்படி இயங்கியது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திருத்தணி வட்டாரத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. காரைக்கால் அம்மையாரோடும் நடராசரின் இரத்தின சபையோடும் சேர்த்து நினைக்கப்படும் ஊர். பழையனூரை அக்கோயிலுக்குத் தேவதானமாகக் கொடுத்த முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள், 31 ஏடுகள், இந்த ஊரின் பெயரால் அறியப்படுகின்றன. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் அதில் தனித்தனி. வடமொழி தன் மேற்கோளை ‘இதி’ என்று மூடும். தமிழ் ‘என்று’ என மூடும். மேற்கோள் குறி, கால்புள்ளி, பத்தி இடைவெளி ஒன்றும் அக்காலத்தில் இல்லை.

சோழர் ஆணைகளின் நடையை அறிந்தவர்களுக்கு இதன் சங்கடம் தெரியும். அரசன் வாயால் சொல்கிறான், திருமந்திர ஓலை எழுதுகிறவன் அதை எழுதுகிறான், ஓலைநாயகம் ஒப்பிடுகிறான், அதிகாரிகள் வரிப்பொத்தகத்தில் ஏற்றுகிறார்கள், கடைசியில் நாட்டார்க்குத் திருமுகம் போகிறது. ஒருவர் சொன்னதை ஒருவர் சொன்னதாக ஒருவர் எழுதுகிறார். ஒவ்வொரு வாயும் மூடும் இடத்தை வினைகள் காட்டிவிடுகின்றன. அரசனின் பேச்சு எந்தச் சொல்லில் தொடங்கியது என்பதைக் கல்வெட்டு வாசிப்பவர் பொருளை வைத்து, ‘நாம்’ என்ற தன்மைப் பன்மையை வைத்து, உய்த்துணர வேண்டும். அச்சு வந்து இரட்டை மேற்கோள் குறி வந்த பிறகுதான் எழுத்துத் தமிழுக்கு ஒரு திறக்கும் குறி கிடைத்தது. குறி கிடைத்த பின்னும் ‘என்று’ போகவில்லை. மேற்கோள் குறியை மூடிவிட்டு அதன் பின்னாலேயே ‘என்றார்’ என்று மறுபடி மூடுகிறோம். ஒரே வேலைக்கு இரண்டு காவல். தமிழ் வாசகனுக்கு அது மிகையாகத் தோன்றுவதே இல்லை.

2.2 வடக்கும் தெற்கும்

இந்தியை எடுத்தால் ‘கி’ திறக்கும் குறி. மராத்தி ‘கீ’, ‘ம்ஹணூன்’ இரண்டையும் வைத்திருக்கிறது. வங்காளத்தில் ‘போலே’ மூடுகிறது. தக்கணத்து உருது ‘போல்கே’ என்று மூடுகிறது. தெற்கே வந்த உருது தெற்கத்திய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சிங்களத்தில் ‘கியலா’. மூடும் இந்தச் சொற்கள் எல்லாம் ‘சொல்’ என்னும் வினையின் எச்சங்களே. மொழியியலாளர் எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியல் வட்டாரம் என்று விவரித்தார். 1967இல் கய்ப்பர், வேதமொழியின் ‘இதி’ கூற்றின் பின்னால் நிற்கும் பழக்கத்தைத் திராவிடத் தொடர்போடு இணைத்தார். ஹாக் 1982இல் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதத்துக்குள் இங்கே நுழைய அவசியமில்லை. திருத்தணி எல்லை மொழிகளின் எல்லை. திறக்கும் குறி, மூடும் குறிகளின் எல்லை இங்கிருந்து வெகு வடக்கே, விந்தியத்தின் பக்கம் எங்கோ, அதுவும் நேர்க்கோடாக இல்லாமல் ஓடுகிறது என்பது மட்டும் நமக்குப் போதும்.

3. வினையடையும் கூற்றும் ஒரே பட்டறையில்

ஆங்கில இலக்கணம் ‘தட்’ தொடரை ஒரு அத்தியாயத்திலும் வினையடையை வேறொரு அத்தியாயத்திலும் வைக்கும். தமிழில் அப்படிப் பிரிக்க முடியாது. காரணம் ‘என்று’. தொல்காப்பியர் சொல்லதிகார இடையியலில் ‘என’ என்னும் சொல்லுக்கு ஆறு இடங்கள் வகுத்து, ‘என்று’ என்பதும் அப்படியே என்றார். பின்னால் பவணந்தி நன்னூலில் அதையே வழிமொழிந்தார். வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்பவை அந்த ஆறு. இன்றைய பேச்சில் வைத்துப் பார்த்தால்: வருவேன் என்று சொன்னான்; திடுக்கென்று எழுந்தான்; படபடவென்று அடித்தது; வெளேரென்று இருந்தது; நிலமென்றும் நீரென்றும் பிரித்தான்; தணிகை என்று ஓர் ஊர்.

உரையாசிரியர்கள் இதைப் பட்டியலாகவே விட்டுவிட்டார்கள். எனக்கு இது பட்டியல் இல்லை, ஒரே செயல். ‘சட்டென்று எழுந்தான்’ என்னும்போது, எழுந்த விதத்தை நாம் வருணிப்பதில்லை; அந்த அசைவு ‘சட்’ என்று சொன்னதாக மேற்கோள் காட்டுகிறோம். மின்னல் ‘பளிச்’ என்கிறது, கதவு ‘படார்’ என்கிறது, மனம் ‘திடுக்’ என்கிறது. பொருள்களுக்கெல்லாம் வாய் கொடுத்து, அவை சொன்னதை ‘என்று’ போட்டு மூடுகிறோம். தெலுங்கு ‘டக்குமனி’ என்பதும் இதே ‘அனி’தான். ஆங்கிலம் ‘சடன்லி’ என்று ஒரு ஒட்டைச் சேர்த்து முடித்துக்கொள்கிறது. அதற்கும் ‘தட்’டுக்கும் உறவு ஒன்றும் இல்லை. நம் மொழிகளில் வினையடையின் ஒரு பெரும்பகுதியே கூற்றின் கிளை. ‘தட்’டை ‘என்று’ எனப் பாடம் சொல்லும் ஆசிரியர் இந்தக் கிளையை மறந்துவிடுகிறார். அதன் விளைவு 7ஆம் பிரிவில் வரும்.

4. ஆம், அட

திருத்தணி பேருந்து நிலையம். திருப்பதி வண்டி எங்கே என்று கேட்கிறவருக்கு மூன்று விடைகள் கிடைக்கலாம். ‘போயிடுச்சு.’ ‘போயிடுச்சாம்.’ ‘போயிடுச்சு போல.’ முதலாமவர் வண்டி போனதைப் பார்த்தவர். இரண்டாமவர் யாரோ சொல்லக் கேட்டவர். மூன்றாமவர் நடைமேடை காலியாக இருப்பதைப் பார்த்து ஊகிப்பவர். பக்கத்தில் நிற்கும் தெலுங்கர் ‘வெள்ளிபோயிந்தி’, ‘வெள்ளிபோயிந்தட’, ‘வெள்ளிபோயினட்டுந்தி’ என்று அதே மூன்றாகப் பிரிப்பார். தமிழின் ‘ஆம்’ ‘ஆகும்’ என்பதன் தேய்வு. தெலுங்கின் ‘அட’ வேறு உரு. கன்னடத்தில் ‘அந்தே’, மலையாளத்தில் ‘அத்ரே’, சிங்களத்தில் ‘லு’. உரு வேறுவேறு, இருக்கை ஒன்று: வாக்கியத்தின் கடைசி.

இந்த மூன்றில் பின்னிரண்டையும் ஆங்கிலத்தில் சொல்ல வினையடை வேண்டும். ‘அப்பாரன்ட்லி’ என்று ஆரம்பித்தால் கேள்விப்பட்டதா ஊகமா என்று தெரியாது. அந்த ஒரு சொல் இரண்டையும் சுமக்கிறது. ‘ரிப்போர்ட்டட்லி’ என்றால் கேள்விப்பட்டது என்று தெளிவு, ஆனால் அதைப் பேருந்து நிலையத்தில் யாரும் பேசமாட்டார்கள். ‘அலெஜட்லி’ நீதிமன்ற வாசனை அடிக்கும். குவெர்க்கும் அவருடைய துணை ஆசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் இத்தகைய சொற்களை வாக்கியத்துக்கு வெளியே நின்று அதை மதிப்பிடும் வினையடைகளாக வைக்கிறது. வெளியே என்றால் பெரும்பாலும் முன்னே. ஆங்கிலக் காதுக்கு எச்சரிக்கை முதலில் வருகிறது. தமிழ்க் காதுக்குச் செய்தி முதலில் வந்து, எச்சரிக்கை வாலில் வருகிறது.

தமிழில் தலைப்பக்கம் நிற்கும் வாக்கிய வினையடைகளே இல்லை என்று இதை நீட்டிவிடக் கூடாது. ‘நல்லவேளையாக’, ‘உண்மையில்’, ‘நிச்சயமாக’ எல்லாம் முன்னேதான் வரும். அவை பேசுபவரின் மனநிலையைச் சொல்பவை. தகவல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்பவை முன்னே வருவதில்லை. ‘ஒருவேளை’ முன்னே வந்தாலும் தனியாக நிற்காது, ‘வந்திருக்கலாம்’ என்று வினைமுடிவு அதற்கு ஒத்துப்போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் ‘க்ளியர்லி ஹீ லைட்’ என்பதை ‘தெளிவாக அவர் பொய் சொன்னார்’ என்று ஆக்கும்போது அவர் நன்றாக உச்சரித்துப் பொய் சொன்னதாகப் பொருள் வருகிறது. ‘அவர் பொய் சொன்னது தெளிவு’ என்று வினையடையைப் பயனிலையாக்கி, கடைசிக்குத் தள்ளினால்தான் தமிழாகிறது.

‘ஆம்’ மிகவும் செழித்து வளர்வது தலபுராணத்தில். சூரனை வென்ற பின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் தணிகையாம். அதனால் கந்த சஷ்டிக்கு மற்றப் படைவீடுகளைப் போல இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். இந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவதுக்கு ‘ஆம்’ வைத்தேன், இரண்டாவதுக்கு வைக்கவில்லை. இரண்டாவது கண்ணால் காணக்கூடிய வழக்கம். முத்துசுவாமி தீட்சிதர் கதையிலும் தையல் இப்படித்தான் விழும். தீட்சிதர் திருத்தணிக்கு வந்தார். குருகுகன் மீது எட்டு வேற்றுமையிலும் கீர்த்தனைகள் இயற்றினார்; இலக்கணக்காரனுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறு இல்லை. ஆனால் ஒரு கிழவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டாராம், அவர் முருகனாம். வந்ததற்கும் பாடியதற்கும் வெறும் இறந்தகாலம், கற்கண்டுக்கு ‘ஆம்’. கதை சொல்கிறவர் யோசித்துச் செய்வதில்லை, நாக்கே பிரித்துவிடுகிறது. படியேறும் பக்தர் இதே கதையைச் சொல்லும்போது ‘கற்கண்டு போட்டார்’ என்றே சொல்லக் கேட்கலாம். அங்கே ‘ஆம்’ இல்லாமையே பக்தி. ‘தட்’ தொடரை வைத்து ஆங்கிலத்தில் இந்த வேற்றுமையைக் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘லெஜன்ட் ஹேஸ் இட் தட்’ போட வேண்டும். நான்காவது வாக்கியத்தில் கேட்கிறவர் எழுந்து போய்விடுவார்.

‘ஆம்’ தன்மை இடத்தோடு சேரும்போது குணம் மாறும். ‘நான் தூங்கிட்டேனாம்’ என்றால் நான் தூங்கினேன் என்று பிறர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்று பொருள். ‘நேனு நித்ரபோயானட’ என்பதும் அப்படியே. தன் செயலுக்குத் தானே கேள்விச் சாட்சியாக முடியாது என்பதால் அந்த ஒட்டு மறுப்பாகவும் கேலியாகவும் திரும்பிவிடுகிறது.

5. சொல்லும் வினைகளின் சாய்வு

எந்த வினையைத் தேர்ந்தாலும் கூற்றின் உண்மைமீது ஒரு சாய்வு விழும். கிபார்ஸ்கி இணையர் 1970இல் எழுதிய கட்டுரை இந்தச் சாய்வை ஆங்கிலத்துக்கு வகுத்துக் காட்டியது: ‘வருந்தினார்’ என்றால் கூற்று உண்மை என்று பேசுபவரே ஒப்புகிறார், ‘நம்பினார்’ என்றால் ஒப்பவில்லை. தமிழ் இதை வினையில் மட்டும் வைக்கவில்லை. கூற்றின் உருவத்திலேயே வைத்திருக்கிறது. ‘அவர் வந்தது எனக்குத் தெரியும்’ என்றால் வந்தார். ‘அவர் வந்தார் என்று எனக்குத் தெரியும்’ என்றாலும் ஏறக்குறைய வந்தார். ‘அவர் வந்ததாகத் தெரிகிறது’ என்றால் பொறுப்பு என்னுடையதில்லை. நாளிதழ்த் தமிழ் இந்த மூன்றாவதில்தான் வாழ்கிறது. ‘தெரிகிறது’, ‘கூறப்படுகிறது’ என்ற இரண்டு முடிவுகளும் ‘அலெஜட்லி’யின் முழுச் சுமையையும் தாங்குகின்றன.

ஆனால் செய்தி அறைகளில் ‘கூறினார்’ திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்து, ‘சுட்டிக்காட்டினார்’ என்று மாற்றுகிறார்கள். சுட்டிக்காட்டுவது உள்ளதைத்தான். எதிர்க்கட்சிக்காரர் குற்றச்சாட்டை ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதினால் இதழே அதற்குச் சாட்சி கையெழுத்துப் போட்டதாகும். இதைவிடக் கொடுமை ‘க்ளெய்ம்டு’ என்பதை ‘உரிமை கோரினார்’ என்று மொழிபெயர்ப்பது. தமிழில் அதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. ‘சொல்லிக்கொள்கிறார்.’ அந்தக் ‘கொள்’ போதும். அவர் சொல்கிறார், தனக்காகச் சொல்கிறார், நான் நம்பவில்லை. ‘ராஜ வம்சம்னு சொல்லிக்கிறாங்க’ என்று பாட்டி சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில் மட்டும் இரு மொழிகளும் கொஞ்சம் பிரிகின்றன. தெலுங்கில் ‘அனு’வோடு ‘கொனு’ சேர்ந்த ‘அனுகொனு’ சாதாரண ‘நினை’ ஆகிவிட்டது. ‘அனுகுண்டுன்னானு’ என்றால் நினைக்கிறேன், அவ்வளவுதான், சாய்வு இல்லை. தமிழில் ‘நினைச்சுக்கிட்டிருக்கான்’ என்றால் தப்பாக நினைக்கிறான் என்று பாதி சொன்னதாகிவிடும். தெலுங்கு வீட்டிலிருந்து வரும் ஒருவர் ‘நீங்க வருவீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்’ என்று தமிழில் சொன்னால், அதில் தமிழர் உணரும் மெல்லிய குத்தல் அவர் உத்தேசித்ததாக இருக்காது.

நீதிமன்றத்தில் இது சுவையான விஷயமாக இல்லாமல் ஆபத்தான விஷயமாகிறது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. கண்டதைக் கண்டவன் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அந்த விதியை விடவில்லை. சாட்சி ‘கத்தியால குத்தினானாம்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கிலத்தில் பதிவு செய்பவர் கடைசி அசையைத் தவறவிட்டால் கேள்விச் சாட்சியம் கண்ட சாட்சியமாகிவிடும். வழக்கையே திருப்பக்கூடிய ஒரு அசை, மூச்சு இறங்கும் இடத்தில், வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது.

6. நான், தான், அவன்

‘நான் வரேன்னு முருகன் சொன்னான்’ என்றால் வருவது யார்? எழுத்தில் நானாகவும் இருக்கலாம், முருகனாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இந்தத் தொல்லையை ‘ஐ’யை ‘ஹீ’யாகவும் ‘வில்’லை ‘வுட்’டாகவும் மாற்றித் தீர்க்கிறது. தமிழில் ‘வருவதாக’ என்று மாற்றினால் இடமே போய்விடும்: ‘தான் வருவதாகச் சொன்னான்.’ இந்த இரண்டுக்கும் நடுவே பேச்சில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, பள்ளி இலக்கணம் அதைப் பிழை என்று அடித்துவிடும்: ‘தான் வருவேன்னு சொன்னான்.’ எழுவாய் படர்க்கை, வினைமுடிவு தன்மை. பாதி மாறியது, பாதி மாறவில்லை. தெலுங்கிலும் ‘தனு வஸ்தானனி செப்பாடு’ உண்டு.

தத்துவ அறிஞர் டேவிட் கப்லான், மேற்கோள் குறியில்லாமல் பிறர் சொன்னதைச் சொல்லும்போது ‘நான்’ என்பதன் பொருளை அந்தப் பிறர் பக்கம் திருப்பிவிடும் கருவிகளை அரக்கர்கள் என்று அழைத்து, ஆங்கிலத்தில் அவை கிடையா, இருக்கவும் முடியாது என்று வாதிட்டார். பின்வந்த மொழியியலார் தமிழ், தெலுங்கு வினைமுடிவுகளில் அதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டு விரிவாக எழுதினார்கள். சூரசம்ஹாரம் நடக்காத ஊரில் அந்த அரக்கனுக்கும் ஆபத்தில்லை; டீக்கடையில் தினமும் பேச்சில் புழங்குகிறான்.

7. வகுப்பறையில்

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பின்னாளில் ஆங்கில உரைநடைக்காக உலகறிந்தவரானார் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகள் ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியர் தினம் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலப் பயிற்சி ஏடுகளில் சிவப்பு மை விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, ‘ஹீ செட் தட் ஐ வில் கம்’. இது 6ஆம் பிரிவில் கண்ட தமிழ், தெலுங்கு முறை. மாணவன் தன் மொழியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். இரண்டாவது, ‘ஹீ டோல்டு தட்’. ‘சொல்’ என்னும் வினைக்குக் கேட்பவர் கட்டாயமில்லை, ‘டெல்’லுக்குக் கட்டாயம். இதை ஒரே நாளில் திருத்திவிடலாம். மூன்றாவதுதான் ஆழமானது: ‘ஹீ ஆஸ்க்டு தட் வேர் ஆர் யூ கோயிங்’. செய்தியையும் ஓசையையும் ‘என்று’ மூடும் என்பதை 3ஆம் பிரிவில் பார்த்தோம்; கேள்வியையும் கட்டளையையும் அதுவே மூடும். எங்கே போறேன்னு கேட்டான், போன்னு சொன்னான், பட்டுன்னு போனான். இவ்வளவுக்கும் ஒரே சாவி வைத்திருக்கும் பிள்ளைக்கு, ‘தட்’ என்றால் ‘என்று’ என ஆசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தார். அவன் அந்தச் சாவியைக் கேள்விக் கதவிலும் போட்டுப் பார்க்கிறான். ‘தட்’ செய்திக்கூற்றை மட்டும் திறக்கும், கேள்விக்கு அதன் வினாச்சொல்லே வாசல் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பாடத்தை ‘என்று’விலிருந்து தொடங்குவதைவிட ‘என்ன சொன்னான்னா’விலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் துணிபு. திறக்கும் குறி எப்படி இருக்கும் என்று மாணவனுக்கு அந்தத் தொடர் ஏற்கெனவே தெரியும். அதை எழுதவைத்து, அந்த இடத்தில் ‘தட்’டை வைக்கச் சொல்லலாம். பிறகு நாள் குறிக்கும் ஒரு சொல்லைக் கொடுத்து, வினைக்கு முன், வினைக்கும் ‘தட்’டுக்கும் நடுவில், வாக்கியத்தின் கடைசியில் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பொருள் எங்கே மாறுகிறது என்று கேட்கலாம். கடைசியாகப் பேருந்து நிலையத்து மூன்று விடைகளையும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். முதலாவதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். ‘போயிடுச்சாம்’, ‘போயிடுச்சு போல’ இரண்டுக்கும் ‘அப்பாரன்ட்லி’ என்றே எழுதுகிற பிள்ளையிடம், இதில் எது எது என்று வேற்றாள் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ‘ஐ ஹியர் தட்’, ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப்’ என்று அவன் அங்கேதான் பிரிக்கத் தொடங்குவான். வீட்டில் ‘வெள்ளிபோயிந்தட’ என்று பேசும் பிள்ளைக்கும் இந்தப் பயிற்சியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.